குதிரை ஓடி வந்தவன்

1

கைபேசித் திரையில் இருக்கும் நீலப் புள்ளி நேற்றுக் காலையிலிருந்து அசையவில்லை. அந்தப் புள்ளி என் மகள் ஜெனி. அவள் இப்போது கிர்கிஸ்தான் என்ற நாட்டில், ஒரு மலைக் கணவாய்க்குக் கொஞ்சம் கீழே, குதிரையில் இருக்கிறாள், அல்லது குதிரையிலிருந்து விழுந்து கிடக்கிறாள். இரண்டில் எது என்று தெரியாததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கையைச் சும்மா விட்டால் அது திரும்பத் திரும்ப அந்தத் திரையைத்தான் தடவுகிறது.

ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். மகளின் மேற்சட்டைப் பைக்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி ஒன்று இருக்கிறது. தொலைபேசிக் கோபுரம் இல்லாத மலையிலும் அது வானத்தில் சுற்றும் செய்மதியோடு பேசும். மணிக்கொரு தடவை அவள் நிற்கும் இடத்தை எனக்குக் காட்டும். பின்னேரம் கூடாரத்துக்கு வந்ததும் அவள் ஒரு பொத்தானை அமத்துவாள். 'சுகம்' என்று ஒரு செய்தி வரும். அங்கே பின்னேரம் ஆறு மணி என்றால் ரொறன்ரோவில் காலை எட்டு. நான் மிசிசாகாவில், விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் வேலை செய்கிறேன். எட்டு மணிக்கு எங்களுக்குத் தேநீர் இடைவேளை. நான்கு நாட்கள் அந்தச் செய்தியோடுதான் தேநீர் குடித்தேன். ஐந்தாம் நாளான நேற்றுச் செய்தி வரவில்லை. இன்றும் வரவில்லை.

இன்று சுகமில்லை என்று சொல்லி ரெக்ஸ்டேல் வீட்டில் நின்றுவிட்டேன். மனைவி றீற்றா முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. போகும்போது அந்தோனியார் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஒன்று கொளுத்திவிட்டுப் போனாள். அந்தோனியார் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்பது எங்களுக்குத் தெரியும். "பிள்ளை துலைஞ்சுபோச்செண்டு ஆர் உனக்குச் சொன்னது?" என்று அவளோடு எரிந்து விழுந்தேன். அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு பின்வளவில் தக்காளித் தொட்டிக்கு அணில் வந்தது. ஜன்னலைத் திறந்து "ச்சூ" என்று கலைத்தேன். இங்கத்தைய அணில் கறுப்பு, பூனைக்குட்டி அளவு, ஆளைக் கண்டு பயப்படாது. ஆனாலும் நான் ச்சூ என்பதை விடவில்லை. ஜெனிக்குத் தமிழ் அரைகுறைதான். இந்த ஒரு சொல்லை மட்டும் சின்னதிலிருந்து என்னைப் போலவே சொல்லிக் காட்டிச் சிரிப்பாள். அந்தச் சொல்லைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன். இப்போது சொல்லப் பயமாக இருக்கிறது.

2

போன கிழமை கொட்டகையில் என்னோடு வேலை செய்யும் யோகன், மகள் எங்கே என்று கேட்டான். "குதிரை ஓடப் போயிட்டாள்" என்றேன். அவன் கடித்துக்கொண்டிருந்த ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டு, "ஆருக்காக?" என்று கேட்டான்.

யாழ்ப்பாணத்தார் உடனே சிரித்திருப்பீர்கள். மற்றவர்களுக்குச் சொல்லுகிறேன். எங்கள் பேச்சில் சைக்கிளும் ஓடுவோம், காரும் ஓடுவோம். ஆனால் குதிரை ஓடுவது என்றால் ஒருவனுடைய சோதனையை இன்னொருவன் அவன் பெயரில் போய் எழுதுவது. கணக்குத் தெரியாதவனுக்காகக் கணக்குத் தெரிந்தவன் குதிரை ஓடுவான். பிடிபட்டால் இரண்டு பேருக்கும் படிப்பு முடிந்தது. பிறகு வெளிநாடு போகிற காலம் வந்தபோது, இன்னொருவனின் கடவுச்சீட்டில் பறந்ததையும் எங்கள் பெடியன்கள் அதே பெயரால்தான் சொன்னார்கள்.

நான் கனடாவுக்கு எப்படி வந்தேன் என்று எவர் கேட்டாலும் முப்பது வருடத்துக்குக் கிட்டவாக ஒரே பதில்தான் சொல்லி வருகிறேன். "குதிரை ஓடித்தான்." கேட்டவர்கள் சிரிப்பார்கள். கலியாணம் பேசிய காலத்தில் றீற்றாவும் கேட்டாள். அவளுக்கும் அதைத்தான் சொன்னேன். அவளும் சிரித்துவிட்டு, "நாங்களும் அப்பிடித்தான்" என்றாள்.

நான் பொய் சொல்லவில்லை. நான் உண்மையாகவே குதிரையில் ஏறித்தான் வந்தேன். நாலு காலும் வாலும் உள்ள குதிரை. உண்மையை எல்லோருக்கும் முன்னால் வைத்து, எவருமே காணாதபடி மறைப்பதற்கு எங்கள் பாஷை எனக்கு உதவி செய்தது.

இன்னொரு சங்கதியும் உண்டு. எனக்குச் சொந்த இடம் நெடுந்தீவு. போர்த்துக்கேயரோ ஒல்லாந்தரோ விட்டுப்போன மட்டக்குதிரைகள் அங்கே வெளியில் தாமாகத் திரிகின்றன. அதனால் நெடுந்தீவான் என்றாலே குதிரைக்காரன் என்று நினைப்பவர்கள் அதிகம். எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் குதிரையில் ஏறியதில்லை. கோடையில் தண்ணீர் தேடி அவை கிணற்றடிக்கு வரும். கோழி, காகத்தைக் கலைப்பதுபோல ச்சூ என்று கலைப்போம். அவை பல்லைக் காட்டினால் நான்தான் முதலில் ஓடுவேன். குதிரையோடு எனக்கிருந்த பழக்கம் அவ்வளவுதான்.

3

ஜெனிக்கு இருபத்தைந்து வயது. ஒஷாவாவில் ஒரு கிளினிக்கில் வேலை, அங்கேயே ஒரு அறையும் எடுத்திருக்கிறாள். முதலில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாள். பிறகு ஒன்றுவிட்ட ஞாயிறு. இப்போது கார் ஓடும்போது எடுத்துக் கதைப்பாள். பின்னால் மற்றக் கார்களின் சத்தம் கேட்கும். எனக்கு ஆங்கிலமும் அவளுக்குத் தமிழும் பாதி வழியில் நின்றுவிடும். "ஓகே அப்பா, லவ் யூ" என்று வைத்துவிடுவாள். அந்த ஓகேக்குப் பிறகு சொல்ல எனக்கு எப்போதும் ஏதாவது இருக்கும்.

சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில் கையில் ஒரு படிவத்தோடு வந்தாள். குசினி மேசையில் அதை விரித்து வைத்து, மலைகளுக்குள் ஒன்பது நாள் குதிரைப் பயணம் போகப் போவதாகச் சொன்னாள். அங்கத்தைய மேய்ப்பர்களோடு கம்பளிக் கூடாரத்தில் தங்குவார்களாம். எந்த நாடு என்று றீற்றா கேட்டாள். ஜெனி பெயரைச் சொன்னாள்.

"உது எங்கை கிடக்கு?" என்று கேட்டேன். நல்லாக நடித்தேன் என்று நினைக்கிறேன். அவள் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, சீனாவுக்கு இந்தப் பக்கம், கஸகஸ்தானுக்குக் கீழே என்று எனக்கு விளங்கப்படுத்தினாள். நான் முதன்முதலாகக் கேட்பவன் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"நீங்கள் ஹோர்ஸ் ஐலண்ட் ஆள் அப்பா, உங்களுக்கு ஹப்பியா இருக்குமெண்டெல்லோ நினைச்சன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லையா என்றேன். பனி, பாறை, வைத்தியசாலை இல்லாத ஊர் என்று அடுக்கினேன். எங்கே இருக்கிறது என்று சற்று முன்தான் கேட்டவனுக்கு இவ்வளவும் எப்படித் தெரியும் என்று அவள் யோசிக்கவில்லை, நல்ல காலம். படிவத்தில் அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் அவள் ஏற்கெனவே என் பெயரை எழுதியிருந்தாள். அதை விரலால் குத்தி, "உந்த நாட்டுக்குப் போறதெண்டால் என்ர பெயரை ஒரு இடத்திலயும் போடாதை" என்றேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு பேனையை எடுத்து என் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுத் தாயின் பெயரை எழுதினாள். "ஓகே அப்பா" என்றாள். அன்றைக்கு லவ் யூ இல்லை.

4

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் ஐந்து பேரை ஏஜென்ற் மாணவர்கள் என்ற கடிதத்தோடு அந்த நாட்டில் இறக்கியிருந்தான். ஐந்து பேரிடமும் வேறு ஐந்து பேரின் கடவுச்சீட்டு, எங்கள் படம் மட்டும் ஒட்டியது. தலைமாத்தி என்போம். என்னுடையதில் நான் யாரோ ஒரு சிவராசா. ஏழு கிழமை ஒரே அறையில் உருளைக்கிழங்கும் கோவா இலையும் தின்றுகொண்டு கிடந்தோம். பிறகு ஏஜென்றின் ஆள் ஒருவன் வந்து, வீதியில் சோதனை கூடிவிட்டது, மலைக்கு மேலால் போனால் அந்தப் பக்கம் அடுத்த நாடு, குதிரையில் இரண்டு நாள் என்றான்.

எங்களைக் கூட்டிக்கொண்டு போனது ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் கீழே நகரத்தில் வேலை தேடிப் போயிருந்தான். இரண்டு பிள்ளைகளையும் ஆடுகளையும் குதிரைகளையும் அவள் தனியாகத்தான் பார்த்தாள். அவர்களின் பாஷையில் அக்காவுக்கு எஜே என்று சொல்வார்கள். நாங்களும் எஜே என்றே கூப்பிட்டோம். பெண் குதிரையின் பாலைப் புளிக்கவைத்து ஒரு கோப்பையில் தந்தாள். பனங்கள்ளு என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தோம். பாண் ரொட்டியைக் குப்புற வைத்தால் அவளுக்குக் கோபம் வரும். ஓடிவந்து நிமிர்த்தி வைப்பாள்.

நாங்கள் போன அன்று அவளின் அயல்காரர் மேய்ச்சல் முடிந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கூடாரத்தின் கம்பளியை உருட்டி, மரச் சட்டத்தை மடக்கி, அடுப்பையும் தொட்டிலையும் குதிரையில் கட்டி, ஒரு காலைப் பொழுதுக்குள் வீடு இருந்த இடத்தில் மஞ்சள் பூத்த புல்வட்டம் மட்டும் மிச்சமாக இருந்தது. எங்கள் ஐந்து பேரில் இடம்பெயராதவன் ஒருவனும் இல்லை. அழாமல் இடம்பெயர்கிறவர்களை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

குதிரை தெரிந்தவர் யார் என்று எஜே சைகையில் கேட்டாள். மற்ற நாலு பேரும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள். "இவன் நெடுந்தீவான்." நான் இல்லையென்று சொல்லியிருக்கலாம். ஏழு கிழமையில் முதல் தடவையாக என்னை ஒருவர் மதித்துப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

குதிரையில் ஏறி உட்கார்ந்ததும் கூடாரத்து நாய் இரண்டு குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தன. பயத்தில் எனக்கு வந்தது ஒரே சொல்தான். "ச்சூ!" நாய் நின்றது. குதிரை பறந்தது. அவர்கள் பாஷையில் குதிரையைப் போ என்று ஏவும் சொல்லே அதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு சரிவில் பாதி தூரம் போய்விட்டேன். விழாமல் இருந்தது புனித அந்தோனியாரின் கிருபை. எஜே தொடையில் தட்டிச் சிரித்தாள். அதோடு நான் உண்மையான குதிரைக்காரன் ஆகிவிட்டேன். எல்லாரிலும் இளையவனான குகனின் குதிரைக் கயிற்றை என் கையில் தந்தாள்.

குகனுக்குப் பத்தொன்பது வயது. ஏழு கிழமையும் எனக்குப் பக்கத்தில் படுத்தவன். ஊர் வட்டக்கச்சி. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடும், அண்ணன் ரூபன் சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறான் என்பான். வேறு எதுவும் பெரிதாகச் சொல்லமாட்டான்.

இரண்டாம் நாள் மத்தியானம் கணவாய்க்குக் கீழே வந்தபோது பனி தூறத் தொடங்கியது. குகனுக்கு விடியவிருந்தே தலையிடி. பிறகு சத்தி, குடித்த தண்ணீரும் வயிற்றில் நிற்கவில்லை. பிறகு கதை குழம்பியது. என்னைப் பார்த்து "ரூபன் அண்ணை, காத்தடிக்கிற பம்மைக் கொண்டுவா" என்றான். சேணத்தில் நிமிர்ந்திருக்க முடியாமல் சரிந்து சரிந்து விழுந்தான். மேலே போகப் போக இது கூடும், உடனே இறக்க வேண்டும் என்று எஜே கையால் காட்டினாள். ஆளை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் குதிரையில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். ஒன்று அவள். மற்றது யார் என்று அவள் கேட்கவே இல்லை. என்னைப் பார்த்தாள்.

வழி தெரிந்து எங்களோடு வந்த ஏஜென்றின் ஆள், அந்தப் பக்கம் வாகனம் நாளைக்கு மட்டும்தான் நிற்கும், பிந்துகிறவன் பிந்தியதுதான் என்றான்.

நான் என் குதிரையின் இரண்டு காதுகளுக்கும் நடுவால் பாதையைப் பார்த்தேன். பிறகு எஜேக்குத் தலையையும் கையையும் ஆட்டிச் சொன்னேன். "எனக்குக் குதிரை தெரியாது."

அந்த மலையில் நான் சொன்ன ஒரே உண்மை அது. அதைச் சொன்ன நேரம் அப்படி. அவள் என் கையிலிருந்த குகனின் குதிரைக் கயிற்றை வாங்கிக்கொண்டாள். பிறகு குகனைத் தன் குதிரையில் தனக்கு முன்னால் ஏற்றி, கம்பளிக் கயிற்றால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தனியாக இறங்கினாள். அவனின் குதிரை அவளுக்குப் பின்னால் போனது. நான் என் குதிரைக்கு ச்சூ என்றேன். அது மேலே ஏறியது.

குகன் கீழே போய்ச் சேர்ந்தானா, சேரவில்லையா, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

5

இங்கே வந்து அகதி விசாரணை நடந்தபோது இதைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். சின்ன அறை. ஒரு அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர், நான். மொழிபெயர்ப்பாளர் எங்களுடைய ஆள்தான், வடமராட்சிப் பக்கத்துப் பேச்சு. அந்த நாட்டிலிருந்து எப்படி எல்லையைக் கடந்தாய் என்று கேட்டார்கள். "குதிரை ஓடித்தான் கடந்தனான்" என்றேன்.

அவர் எனக்கு உதவியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அப்போது அவ்வளவு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் ஹோர்ஸ் என்ற சொல் வரவில்லை என்பது விளங்கியது. வேறொருவனின் பெயரில், வேறொருவனின் கடவுச்சீட்டில் வந்தார் என்று சொல்லியிருக்கிறார். அதுவும் உண்மைதான். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அந்த இடத்தில் நான் திருத்தியிருக்க வேண்டும். இல்லை ஐயா, மிருகம், மலை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி வரும். எத்தனை பேர் போனீர்கள், எத்தனை பேர் வந்தீர்கள்? நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பில் குதிரை இல்லை. குதிரை இல்லையென்றால் கணவாயும் இல்லை. கணவாய் இல்லையென்றால் குகனும் இல்லை.

பிறகு வதிவிடக் கார்ட் வந்தது, குடியுரிமை வந்தது, வீடு வந்தது. எங்கள் கொட்டகைக்குச் சில நாட்களில் பந்தயக் குதிரைகள் பெட்டிக்குள் அடைபட்டு விமானத்தில் வந்து இறங்கும். அந்தப் பக்கத்து வேலையை நான் யாரிடமாவது மாற்றிக்கொள்வேன். நெடுந்தீவானுக்குக் குதிரை என்றால் பயம் என்று யோகன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.

6

இதை எழுதத் தொடங்கிய அன்று, இரண்டாம் நாளும் செய்தி வராதபோது பயண நிறுவனத்துக்கு நானே எடுத்தேன். இருபது நிமிடம் சங்கீதம் போட்டார்கள். பிறகு ஒரு பெண் பிள்ளை வந்தாள், நல்ல மரியாதையான குரல். ஜெனியின் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டாள். பிறகு என் பெயரைக் கேட்டாள். சொன்னேன். எழுத்துக் கூட்டச் சொன்னாள். கூட்டினேன். அவள் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

உங்கள் பெயர் படிவத்தில் இல்லை என்றாள்.

நான் தகப்பன் என்றேன். விளங்குகிறது, ஆனால் வயது வந்த பயணியின் விபரத்தைப் படிவத்தில் இல்லாத ஒருவருக்குச் சொல்ல முடியாது என்றாள். தகப்பன் என்றேன் திரும்பவும். எனக்கு ஆங்கிலத்தில் அதைவிடப் பெரிய சொல் தெரியவில்லை. மன்னிக்க வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. பெயரைப் போடாதே என்று சொன்னவன் நான். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குழியை நானே பறித்திருந்தேன்.

றீற்றாவின் வேலையிடத்துக்கு எடுத்தேன். அவள் மத்தியானச் சாப்பாட்டு அமளியில் நின்றாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நிறுவனத்தோடு கதைத்துவிட்டு எனக்கு எடுத்தாள். வழிகாட்டியும் ஆட்களும் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள், அங்கே தொடர்பு கிடைக்காது, கீழே உள்ள ஆட்களிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறோம் என்று சொன்னார்களாம்.

"அவை கணவாயைக் கடந்திட்டினமெண்டால் புள்ளி ஏன் கீழ நிக்குது?" என்று கேட்டேன்.

"எனக்கென்னண்டு தெரியும்?" என்றாள். பிறகு, "கணவாய் எந்தப் பக்கமெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள்.

வரைபடத்தில் பார்த்தேன் என்றேன்.

அன்று முழுதும் நான் செய்தது ஒன்றுதான். புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சின்னதாக்கிப் பார்த்தேன். நான் குகனை விட்ட இடமும் இதுவும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும். அந்த மலைகளில் கணவாய்க்கா குறைவு? ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்தாய், உன் பிள்ளையை எடுத்துக்கொள்கிறேன் என்று மலை சொல்வதாக எனக்குப் பட்டது. இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

7

மூன்றாம் நாள் சனிக்கிழமை. றீற்றா வீட்டில் நின்றாள். காலை ஒன்பது மணிக்குத் தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. றீற்றாதான் எடுத்து, மேசையில் வைத்து, இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி விட்டாள்.

"அம்மா? ஐ'ம் ஓகே. ஐ'ம் சோ சொறி."

றீற்றா மாதாவே என்று சொல்லிக் கதிரையில் இருந்துவிட்டாள்.

ஜெனி பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னாள். கூட வந்த ஆசிரியை ஒருத்திக்குக் கணவாய்க்குக் கீழே வைத்து மலை நோய் பிடித்துவிட்டது. தலையிடி, சத்தி, பிறகு கதை குழம்பியது. வழிகாட்டி மற்றவர்களோடு மேலே போக வேண்டும், ஒரு மேய்ப்பனை மட்டும்தான் விடலாம் என்றிருக்கிறான். ஜெனி தன் மேற்சட்டையைக் கழற்றி அந்தப் பெண்ணுக்குப் போர்த்தி, குதிரையில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறாள். மேற்சட்டைப் பையில் இருந்த கருவி குளிரில் பற்றரி செத்துப்போக, புள்ளி கடைசி இடத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு இரவு ஒரு குடும்பத்தின் கூடாரத்தில் தங்கி, இன்றைக்குத்தான் நகரத்து வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார்களாம். அந்தப் பெண் தேறிவிட்டாள்.

"நீ ஏன் போகவேணும்? மேய்ப்பன் கொண்டுபோயிருப்பானெல்லோ?" றீற்றா அழுதுகொண்டே ஏசினாள். "அந்தக் கணவாயைப் பாக்கத்தானே அவ்வளவு தூரம் போனனி."

"அம்மா, ரெண்டு பேர் பிடிக்கோணும். எப்பிடி விட்டிட்டுப் போறது?"

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பது போல.

அவளுக்கு என் மௌனம் பழக்கமில்லை. "அப்பா நிக்கிறாரா? அப்பா, கோவமா?" என்று கேட்டாள். பிறகு என்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. "அப்பா, இஞ்ச குதிரையைப் போகச் சொல்ல என்ன சொல்லுவினம் தெரியுமா? யூ வோண்ற் பிலீவ் இற்."

"ச்சூ" என்றேன்.

றீற்றா முகத்தைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" ஜெனிதான் கேட்டாள். முழுத் தமிழில் கேட்டாள்.

"நானும் உந்த மலைக்கு வந்தனான் பிள்ளை. குதிரையில. என்னோட குகன் எண்டு ஒரு பெடியன் வந்தவன். அவனுக்கும் உந்த மலை வருத்தம்தான் வந்தது. நீ திரும்பினாய். நான் திரும்பேல்லை."

மிச்சத்தையும் சொன்னேன். மேலே எழுதிய அவ்வளவையும், இதைவிடக் குழப்பமாக, அழுது அழுது. றீற்றா இடையில் எழும்பி வந்து என் முதுகில் கை வைத்தாள். எடுக்கவே இல்லை. ஜெனி ஒருதரம்கூட ஓகே சொல்லவில்லை. முடிந்ததும், தான் இன்னும் மூன்று நாள் அங்கே நிற்பதாகவும், அந்தக் கூடாரத்து ஆட்களுக்கு மேய்ப்பர் எல்லாரையும் தெரியும், விசாரித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னாள். பேனை எடுக்கும் சத்தம் கேட்டது.

"அவரின்ர முழுப் பெயரைச் சொல்லுங்கோ அப்பா."

அங்கேதான் நான் முட்டிக்கொண்டேன். அவனின் கடவுச்சீட்டில் இருந்தது வேறொருவனின் பெயர். அதுவும் எனக்கு மறந்துவிட்டது. ஏழு கிழமை பக்கத்தில் படுத்தவனின் தகப்பன் பெயரை நான் ஒருநாளும் கேட்கவில்லை. குகன் என்பது வீட்டுப் பெயரா, பதிவுப் பெயரா, அதுவும் தெரியாது.

அதனால்தான் ஒரு தகப்பனின் புலம்பலாகத் தொடங்கிய இதைக் கிழித்துப் போடாமல் உங்களுக்கு அனுப்புகிறேன். கிளிநொச்சிப் பக்கம் இருக்கும் எவராவது வாசித்தால், வட்டக்கச்சியில் பின்னால் வாய்க்கால் ஓடும் வீடு, சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்த ரூபன் என்று விசாரித்துப் பாருங்கள். சண்டைக்குப் பிறகு அந்தக் கடை இருக்கிறதோ, ஆட்கள் இருக்கிறார்களோ, தெரியாது. ஒருவேளை குகனே இறங்கிப் பிழைத்து, வேறு எங்கேயாவது இருந்து இதை வாசிக்கவும் கூடும். அப்படியென்றால் அவன் என்னை ஏசட்டும். கேட்டுக்கொண்டிருப்பேன்.

இந்த முறை என் பெயரை நானே போடுகிறேன். சிவராசா அல்ல. அன்ரன், நெடுந்தீவு கிழக்கு, இப்போது ரெக்ஸ்டேல்.

ரூபன் அண்ணை, உங்கள் தம்பி என்னை நீங்கள் என்று நினைத்துத்தான் கூப்பிட்டான். நான்தான் விட்டுவிட்டு வந்தேன்.